படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்

நமது கல்லூரிக்கென்று ஓர் இணைய ஆவணகம் தொடங்க வேண்டும், அதில் மாணவியர், பெற்றோர், பழைய மாணவியர் என யாரும் தங்களிடமுள்ள படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தாங்களே ஏற்றலாம் என்றொரு யோசனை சில காலமாகப் பேசப்பட்டு வருகிறது. நான் அதற்கு ஆதரவானவள். ஆனால் ‘யாரும் ஏற்றலாம்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு பொறுப்பு அடங்கியிருக்கிறது என்பதைப் பற்றி நம்மில் எவரும் இன்னும் பேசவில்லை. தொடங்கிய பிறகு பேசுவதைவிட இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

முதலில் ஏன் ஆதரவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வட்டவளையில் வாழ்பவர்களுக்கு மழையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இடங்களில் நம்முடையதும் ஒன்று. அலுமாரிக்குள் பத்திரமாக வைத்த அல்பத்தைப் பெருநாளைக்கு வெளியே எடுத்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருக்கும். பிரித்தால் முகம் போய்விடும். கடைவீதி வீடுகளிலேயே இந்த நிலை என்றால், லயத்துத் தகரக் கூரையின் கீழ் இருக்கும் படங்களின் கதி எப்படி இருக்கும்? கசெற் நாடாக்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவற்றைப் போட்டுக் கேட்கும் பெட்டியும் இப்போது யாரிடமும் இல்லை. இன்னும் பத்து வருடம் பொறுத்திருந்தால் ஏற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இழப்பு என்றால் என்னவென்று இந்த நாட்டுத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த நினைவு மாறாத ஒரு சமூகத்தில்தான் 2005 இல் சில இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். இன்று இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் தேடும் எவரும் முதலில் போய்ப் பார்க்கும் இடம் அது. அங்கே மலையக ஆவணங்களும் இருக்கின்றன, முஸ்லிம்களின் ஆவணங்களும் இருக்கின்றன. நம் மாணவியரில் பலர் ஒப்படை எழுதும் இரவில் அதன் தயவால்தான் தப்பித்திருக்கிறார்கள். ஆனால் அந்த நூலகத்தில் உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் நூல்கள் சும்மா வந்து சேரவில்லை. எழுத்தாளரைத் தேடிப்பிடித்து, கேட்டு, அனுமதி வாங்கிச் சேர்த்தார்கள். எரிந்துபோன நூலகத்தின் துயரத்தைச் சுமந்தவர்களே கேட்டுத்தான் எடுத்தார்கள் என்றால், அவசரம் என்ற காரணத்தைச் சொல்லி நாம் கேட்காமல் எடுக்க முடியாது.

‘எங்கள் வீட்டுப் படத்தை நான் ஏற்றுகிறேன், இதில் யாரைக் கேட்பது?’ என்று ஒரு தாய் நினைப்பது நியாயந்தான். ஆனால் வீட்டிலிருக்கும் படம் வேறு, வீட்டார் எடுத்த படம் வேறு. கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரரை அழைத்துப் பணம் கொடுத்து அல்பம் வாங்கினோம்; அல்பம் நம்முடையது. அந்த ஒளிப்படத்துக்குரிய பதிப்புரிமையோ முதலில் எடுத்தவரிடமே பிறக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கதை, கவிதைகளைப் போலவே ஒளிப்படத்தையும் பாதுகாக்கிறது. உரிமையைக் கைமாற்றுவதானால் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது. படைத்தவர் இறந்த பின்னும் 70 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு நீடிக்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும்கூடத் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும், தன் படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்று கோரும் உரிமை படைத்தவரிடமே இருக்கிறது.

எழுத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகவே வரும். கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பை 1898 இல் காலமானார். 1882 இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் அவர் எழுதியவற்றையும், 1885 இல் வந்த ‘அசன்பே சரித்திரம்’ நாவலையும் நாம் தாராளமாக ஏற்றலாம். எவரும் தடுக்க முடியாது. மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை 1984 இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் 2054 முடியும் வரை அவருடைய வாரிசுகளுக்குரியவை. அவரது நூலை முழுவதுமாகப் படமெடுத்து ஏற்றிவிட்டு ‘தமிழ்ச் சேவை’ என்று பெயர் வைத்தால் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது?

பாட்டு விடயம் இதைவிடச் சிக்கலானது. நம் கல்லூரி விழாவென்றால் இஸ்லாமிய கீதம் இல்லாமல் நடக்காது. நாகூர் ஹனீபாவின் பாடல்களில் ஒன்றாவது மேடையேறும். அந்தப் பாடலைப் பாடியவர் பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஒரே பாடலுக்குள் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவுசெய்த நிறுவனம் என்று நான்கு பேருடைய உரிமை இருக்கலாம். ஹனீபா மறைந்தது 2015 இல்தான். பின்னணி இசையை எங்கிருந்தோ இறக்கி ஒலிக்கவிட்டுப் பிள்ளைகள் பாடினார்கள், வாப்பா ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்தார், யூடியூபில் போட்டார், மறுநாள் சத்தம் முடக்கப்பட்டுவிட்டது. ‘ஏன் முடக்கினார்கள், நாங்கள் இலாபத்துக்கா போட்டோம்?’ என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து நம் பிள்ளைகளின் பாட்டைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். 2007 முதல் அந்த நிறுவனம் உரிமையாளர் கொடுத்த ஒலியோடு புதிதாக ஏறும் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்தை வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளின் குரலுக்கு அது தடை சொல்லவில்லை. அடியில் ஓடிய இசையைத்தான் அடையாளம் கண்டது. இந்த நிலையில் தஃப் அடித்துத் தாங்களாகவே பாடும் பிள்ளைகளுக்கு அரைவாசிச் சிக்கல் இல்லை. எழுதியவரிடமும் மெட்டமைத்தவரிடமும் கேட்பது மட்டும் பாக்கி.

அந்த நிறுவனமும் தானாக மனம் திருந்தி அந்த இயந்திரத்தை வைக்கவில்லை. ‘ஏற்றியவர்கள் பாவனையாளர்கள், நாங்கள் இடம் மட்டும் கொடுத்தோம்’ என்பதுதான் அதன் வாதமாக இருந்தது. 2007 இல் வயாகொம் என்ற ஊடக நிறுவனம் நூறு கோடி டொலருக்கும் மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு 2014 இல் சமரசத்தில் முடிந்தது. இடம் கொடுத்தவருக்கு அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒதுங்குவதற்கு ஒரு நிழல் கொடுக்கிறது: உரிமையாளர் அறிவித்ததும் உடனே அகற்றினால், ஏற்றப்பட்டதற்காக இடம் கொடுத்தவர் பொறுப்பாளியாவதில்லை. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு தனி ஏற்பாடு இல்லை. ஆகவே ‘பிள்ளை ஏற்றினாள், கல்லூரிக்குத் தெரியாது’ என்று கையை விரித்துவிட்டுப் போக முடியும் என்று நான் நம்பவில்லை. முடிந்தாலும் அப்படிச் சொல்வது ஒரு கல்லூரிக்கு அழகா? பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கும் ஆவணகம் எனக்கு வேண்டாம்.

படிப்புக்காகப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இடமளிப்பதை ஆசிரியைகள் சிலர் எடுத்துச் சொல்வார்கள். சரிதான், நியாயமான பயன்பாடு என்பதில் கற்பித்தலும் வகுப்பறைக்கான பிரதிகளும் அடங்கும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கவிதையைப் பிரதியெடுத்துக் கொடுப்பது ஒன்று. உலகத்தில் எவரும் எப்போதும் இறக்கிக்கொள்ளும்படி நூல் முழுவதையும் திறந்து வைப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே குடையின் கீழ் நிறுத்த முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் சட்டம். சட்டம் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதைச் சொல்ல நம் அயலூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

வட்டவளையிலிருந்து ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் என்று போனால் பொகவந்தலாவை வரும். அங்கே புனித மரியாள் தேவாலயத்தின் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கப்பட்டிருக்கிறார். உலக ஒளிப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். 48 வயதில் மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தார். வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். 1875 இல் இருவரும் இலங்கைக்கு வந்து தங்கினார்கள். 1879 இல் அம்மையார் இங்கேயே காலமானார்.

இந்த அம்மையார் பதிப்புரிமையில் மிகக் கவனமானவர். இங்கிலாந்தில் இருந்த காலத்தில், 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 500க்கும் மேற்பட்ட தன் படங்களைத் தன் பெயரில் பதிவுசெய்து வைத்தார். ஒரு பெண் தன் உழைப்பு தன்னுடையதே என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்துப் பதிவுசெய்த அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் எத்தனை பெண்களுக்கு அது வாய்த்தது? ஆனால் இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருக்கும் முப்பதுக்கும் குறைவான படங்களைப் பாருங்கள். 1877 இல் களுத்துறையில் அவர் வீட்டில் தங்கிய தாவர ஓவியர் மரியான் நோர்த்தையும் படமெடுத்தார். அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று உலகுக்குத் தெரியும். அதே காலத்தில் அவர் முன்னால் நின்ற உள்ளூர் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதைப் போன்ற தலைப்புகள்தான் அவர்களுக்குக் கிடைத்தன. எடுத்தவரின் உரிமை பதிவேட்டில் இருக்கிறது. நின்றவரின் பெயர் எங்கும் இல்லை.

அது வெள்ளைக்காரர் காலம் என்று சொல்லித் தப்ப முடியாது. இன்று தேயிலை மலையைப் பற்றிய படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றியவற்றில் எடுத்தவர் பெயர் இருக்கும், எந்த அனுமதியின் கீழ் பயன்படுத்தலாம் என்று இருக்கும், எந்தக் கமராவால் எடுத்தார் என்பதும் பல படங்களில் இருக்கும். பதிப்புரிமை விடயத்தில் அந்தப் பொதுவகத்தைக் குறை சொல்ல முடியாது. ஏற்றுபவரிடம் ‘இது நீங்கள் எடுத்ததா, இல்லையென்றால் யாருடையது’ என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்; சந்தேகம் வந்தால் தன்னார்வலர்கள் விவாதித்து நீக்கிவிடுகிறார்கள். நாமும் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஆனால் படத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றிப் பெரும்பாலும் ‘தேயிலை பறிக்கும் பெண், இலங்கை’ என்பதோடு சரி. அவருக்குக் கரோலினாத் தோட்டத்திலோ வேறெங்கோ ஒரு வீடும் பெயரும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தன் முகம் எங்கெங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே நம் ஆவணகத்தின் வாசலில் ‘இதை எடுத்தவர் யார்?’ என்று கேட்பதோடு ‘இதில் இருப்பவர் யார், அவருக்குச் சம்மதமா?’ என்றும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். முதலாவதைக் கேட்காவிட்டால் சட்டம் நம்மிடம் வரும். இரண்டாவதைக் கேட்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள். அதனாலேயே நாம் கேட்டாக வேண்டும்.

பாட்டிமார் பாடும் பாடல்களிலும் இதே குறைதான். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடுபவை, நம் உம்மம்மாமார் பிள்ளையை உறங்கவைக்கப் பாடியவை என்று பதிவுசெய்ய எவ்வளவோ இருக்கின்றன. இவற்றுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நமது சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் ஒரு வேலி போட்டிருக்கிறது. வியாபாரத்துக்காகவோ வழக்கமான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி செய்வதையும் பரப்புவதையும் கட்டுப்படுத்துகிறது. வெளியிடும்போது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. எத்தனை மேடைகளில் ‘நாட்டார் பாடல்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறோம்! ‘மலையகப் பாடல்’ என்றுகூடச் சொல்வதில்லை. சி.வி. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தத் தொகுப்பு அவருடைய உழைப்பு. அதைப் பார்த்து எழுதி ஏற்றக் கூடாது. ஆனால் உங்கள் பக்கத்து லயத்தில் இருக்கும் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, அவர் சம்மதத்தோடு பதிவுசெய்தால் அது உங்கள் உழைப்பு, அவர் குரல். பாடியவர் பெயர், தோட்டம், எந்த மாதம் பதிவானது, பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

யாரிடம் கற்றார் என்று கேட்பது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. ஹதீஸ் கலையில் இன்னார் சொல்ல இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் இல்லாமல் ஒரு செய்தி ஏற்கப்படுவதில்லை. அந்த மரபில் வந்த நாம் வட்ஸ்அப்பில் வந்த படத்தை யார் எடுத்தது என்று கேட்காமலே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம்! பதிப்புரிமை என்பது மேற்கத்தியர் கண்டுபிடித்தது, மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்வோரும் உண்டு. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடியபோது எழுத்துரிமையும் கண்டுபிடிப்புரிமையும் மார்க்கத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. பிறர் நம்மிடம் ஒப்படைத்தது அமானிதம் என்பதை மத்ரஸாவிலேயே படித்துவிட்டோம். ஏற்றப்பட்ட படமும் ஒப்படைக்கப்பட்ட பொருள்தானே.

பெண்பிள்ளைகளின் படங்களைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஒருமுறை வெளியே போன படத்தைத் திரும்பப் பெற முடியாது. ‘அகற்றிவிட்டோம்’ என்று நாம் சொல்லும்போது அது பத்துக் கைத்தொலைபேசிகளில் இருக்கும். இதற்காக ஆவணகமே வேண்டாம் என்கிறார்கள் சிலர். அதை நான் ஏற்கவில்லை. அப்படியென்றால் இந்தக் கல்லூரியில் படித்த ஒரு தலைமுறைப் பெண்களின் எழுத்தும் குரலும் சேர்ந்தே மறைந்துபோகும். ஆண்களின் பள்ளிக்கூடங்களுக்கு வரலாறு இருக்கும், நமக்கு வெற்றுச் சுவர் இருக்கும். படிக்கும் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஆவணகத்தில் ஏற்கவே கூடாது என்று ஒரு விதி போட்டுவிட்டால் பாதிப் பயம் தீரும். பழைய மாணவியரின் குழுப் படங்களை, அதிலிருக்கும் எட்டுப் பேரில் ஆறு பேர் சம்மதித்தாலும், மற்ற இருவரைக் கேட்கும்வரை பெட்டிக்குள் வைத்திருக்கலாம். பத்திரப்படுத்துவது வேறு, பகிரங்கப்படுத்துவது வேறு. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் பயப்படுபவர்களும் அவசரப்படுபவர்களும் ஒரே மேசையில் உட்காரலாம்.

நடைமுறையில் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஏற்றப்படுவது எதுவும் நேரே வெளியே போகக் கூடாது. ஒரு காத்திருப்புப் பெட்டியில் விழ வேண்டும். உயர்தர வகுப்பு மாணவியர் இருவரும் ஓர் ஆசிரியையும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் போதும். ஏற்றுபவர் தன் சொந்த வார்த்தையில் இது எங்கிருந்து கிடைத்தது என்று எழுத வேண்டும். ‘சம்மதிக்கிறேன்’ என்ற பெட்டியில் சரி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாசிக்காமலே சரி போடப் பழகிவிட்டோம். எவராவது ஆட்சேபித்தால் முதலில் இறக்கிவிட்டு, பிறகு விசாரிக்க வேண்டும். இதைச் செய்யும் மாணவியருக்குப் பல்கலைக்கழகம் போகும்போது பயன்படும் ஒரு படிப்பும் இதில் சேர்ந்தே கிடைக்கும்.

இனி வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. விடுமுறையில் அல்பத்தைத் திறந்து படமெடுக்கும்போது ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பழைய ஸ்டூடியோக்கள் அங்கேதான் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். பல வீடுகளில் பெரியவர்கள் அங்கேதான் பென்சிலால் திகதியும் பெயரும் எழுதினார்கள். ஸ்டூடியோ மூடப்பட்டிருக்கலாம், ஆனால் ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ அந்தக் குடும்பத்தை அறிந்தவர் ஒருவர் இருப்பார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லையென்றால், படத்தை உம்மம்மாவின் மடியில் வைத்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள்.